கண்ணுக்குக் கல்வி

ஓவியம் வரையும் ஆர்வமுடைய இளைஞர் பலருடைய மனத்தில் ஓர் ஐயம் உண்டு. "கலை பிறவியிலேயே அமைவதன்றோ? அதனை ஒரு கல்லூரிக்குச் சென்று கற்பதால் ஆவதென்ன? நான்கு ஆண்டுகள் ஆசிரியர் சொன்னபடியே வரைந்துகொண்டிருந்தால், உள்ளே இருக்கும் ஊற்றும் தூர்ந்துபோகாதா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். பெற்றோருடைய ஐயம் வேறு வகையானது; அதனைப் பின்னர்ப் பார்ப்போம். ஓவியத்தை முறையாகப் பயின்றவன், பிறகு பல ஆண்டுகள் அதனைப் பயிற்றுவித்தவன் என்ற உரிமையில் இக்கேள்விக்கு விடை கூற முயல்கிறேன்.

விடைக்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மேசைமீது ஒரு தம்ளரை வைத்து, சற்று எட்ட அமர்ந்து, அதனை வரையுங்கள். பயிற்சியில்லாதவர் பத்துப் பேர் வரைந்தால், ஒன்பது பேராவது அதன் வாயை முட்டை வடிவமாகப் போடுவர். அடியை மட்டும் நேர்கோடாக இழுத்துவிடுவர். ஏன் அப்படி? தம்ளர் மேசைமீது அசையாமல் நிற்கிறது, மேசை சமதளமானது, ஆகவே அடியும் நேராகத்தான் இருக்கவேண்டும் என்று அறிவு சொல்கிறது. கண்ணோ வேறொன்றைக் காண்கிறது. வாய் எவ்வாறு வட்டமோ அவ்வாறே அடியும் வட்டம். அது கண்மட்டத்திலிருந்து இன்னும் தாழ இருப்பதால், வாயைவிடச் சற்று மிகுதியாகவே வளைந்து தோன்றும். கண்ணாடித் தம்ளரானால் இதனை ஐயமறக் காணலாம். எல்லார் கண்ணிலும் இத்தோற்றம் படுகிறது. ஆயினும் கை வரையும்போது, கண் கண்டதை ஒதுக்கிவிட்டு அறிவு சொன்னதையே வரைகிறது.

மனித முகத்திலும் இதே கதைதான். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண்கள் ஏறத்தாழச் சரிபாதியில் அமைந்திருக்கக் காணலாம். புதிதாக வரைபவர் அவற்றை நெற்றிக்கு அருகே ஏற்றிவிடுவர். கண், மூக்கு, வாய் ஆகியவற்றிலேயே நம் கருத்துச் செல்வதால், அவற்றுக்கு மேலுள்ள பகுதி நம் மனத்தில் சுருங்கிவிடுகிறது. நண்பர் ஒருவரை நிறுத்தி அளந்து பாருங்கள், வியப்பாக இருக்கும்.

கலைக்கல்லூரி முதலாவதாகக் கற்பிப்பது இதைத்தான். கைக்குத் திறமையை ஏற்றுவதற்கு முன், கண்ணுக்கும் கைக்கும் இடையே வந்து நிற்கும் 'தெரியும்' என்னும் எண்ணத்தை விலக்குகிறது. அதற்கென்று பழைய எளிய வழிகள் பல இருக்கின்றன. கையை முழுவதும் நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பொருளின் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டு அளப்பது ஒன்று. கண்களைப் பாதி மூடிப் பார்ப்பது மற்றொன்று. அப்போது நுணுக்கங்கள் மறைந்து, எது வெளிச்சம், எது நிழல் என்பது மட்டும் பெரிய பெரிய திட்டுகளாகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி: பொருளை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வரைதல். ஒரு கூஜாவின் கைப்பிடிக்கும் உடலுக்கும் இடையே இருக்கும் காற்றுக்கு ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவத்துக்கு நம் அறிவில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அறிவு குறுக்கிடுவதில்லை. கை கண்டதையே வரைகிறது. வெற்றிடத்தைச் சரியாக வரைந்து முடித்தால், கைப்பிடி தானாகவே சரியாக அமைந்திருக்கும்!

நான் மாணவனாக இருந்தபோது ஆசிரியர் ஒருவர், ஒரே பித்தளைக் குடத்தை ஒரு மாதம் முழுவதும் எங்களை வரையச் செய்தார். வரைபலகை தாங்கும் முக்காலிக்கு நாங்கள் 'ஈசல்' என்று பெயர் சொல்வோம். மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் ஈசலையும் அதையும் சேர்த்துக் கேலி பேசாத மாணவன் இல்லை. அந்த ஈசலை நாள்தோறும் ஓர் அடி நகர்த்தி வைத்து, அதே குடத்தை வரையவேண்டும். முதல் வாரம் சலிப்பு. இரண்டாம் வாரம் கோபம். மூன்றாம் வாரத்தில்தான், குடத்தின் வயிற்றில் நிழல் விளிம்புவரை ஒரே கருமையாகச் செல்லவில்லை என்பதும், விளிம்பை ஒட்டி மேசையிலிருந்து எழும் மங்கிய ஒளி ஒன்று இருக்கிறது என்பதும் தெரிந்தன. அது முதல் நாளிலும் அங்கேதான் இருந்தது. வீட்டில் தனியே அமர்ந்து வரைபவர், குடம் ஒருவாறு குடம்போல் வந்தவுடன் மூன்றாம் நாளே அதனை விட்டுவிடுவார். சலிப்புக்கு அப்பால் கொண்டுசெல்ல ஒருவர் வேண்டும், அதற்குத்தான் ஆசிரியர்.

வண்ணத்தைப் பற்றிய படிப்பு இன்னும் சுவையானது. பாரிஸ் நகரில் கோபலன் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுச்சாலை ஒன்று உண்டு. 1824-ஆம் ஆண்டில் மிஷேல் செவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர் அங்கே சாயப் பகுதிக்குத் தலைவரானார். சில சாயங்களைப் பற்றிக் குறைகள் வந்தன. குறிப்பாகக் கறுப்பு நூல் போதிய கருமையின்றி வெளிறித் தோன்றுவதாக நெசவாளர் முறையிட்டனர். அவர் நூலை ஆராய்ந்தார். சாயத்தில் பிழை இல்லை. நீலமும் ஊதாவும் பக்கத்தில் இருக்க நெய்யப்பட்டபோதுதான் அந்தக் கறுப்பு வலிவிழந்து தோன்றியது! ஒரு நிறம் எப்படித் தோன்றும் என்பதை அதன் அண்டை நிறமும் முடிவு செய்கிறது என்னும் இவ்வுண்மையை அவர் விரிவாக ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். பிற்காலத்துப் பிரெஞ்சு ஓவியர்கள் பலர் அதனால் பயனடைந்தனர். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைச் சிவப்புத் தாளின் நடுவிலும் மற்றொன்றைப் பச்சைத் தாளின் நடுவிலும் வையுங்கள். அவை ஒரே தாள் என்று பிறர் எளிதில் நம்பமாட்டார்.

இனி, பொருள்களைப் பற்றிய அறிவு. தைல வண்ணத்தில் எண்ணெய் குறைந்த பூச்சு கீழேயும் மிகுந்த பூச்சு மேலேயும் வரவேண்டும். மாற்றிப் பூசினால் மேற்பூச்சு முன்னே காய்ந்து, நாளடைவில் வெடிக்கும். நீர்வண்ணத்தில் வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விடவேண்டும். தாளே அங்கு வெள்ளை. இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் சொல்லித்தர ஆளில்லாத காலத்தில் இவற்றுக்காக ஒருவர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். 1848-இல் பிறந்த இரவிவர்மா, சிறு வயதிலேயே திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தவர். தைல வண்ணம் தீட்டும் முறை அங்கே வெகு சிலருக்கே தெரியும். அரண்மனை ஓவியர் அதனை அவருக்குக் கற்பிக்க மறுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1868-இல் தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னர் குடும்பத்தாரை வரைய வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் வரையும்போது அருகே நின்று பார்க்க மட்டும் இடமளித்தார். பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு, தானே தீட்டித் தீட்டித் தேர்ந்தார் இரவிவர்மா. 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கத்தையும் பெற்றார். "பார்த்தீர்களா, பள்ளி இல்லாமலே அவர் வரவில்லையா?" என்று சிலர் இதனை எடுத்துக்காட்டுவதுண்டு. எனக்கோ இவ்வரலாறு அதற்கு நேர்மாறான எண்ணத்தையே தருகிறது. இன்று முதலாண்டு மாணவன் ஒரு பிற்பகலில் கேட்டறியும் செய்திக்காக அத்துணைப் பெரிய கலைஞர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அவ்வாறு காத்திருந்து, கிடைக்காமலே போனவர் எத்தனை பேரோ? அவர்கள் பெயர் நமக்கு எட்டவில்லை.

பள்ளியை வேண்டாம் என்போர் எடுத்துச்சொல்லும் இன்னொரு பெயர் வின்சென்ட் வான் கோ. 1886-இல் ஆண்ட்வெர்ப் நகரக் கலைக்கழகத்தில் சேர்ந்து, சில வாரங்களிலேயே வெளியேறியவர் அவர். அது உண்மையே. ஆனால் 1880-இல், தம் 27-ஆம் வயதில், ஓவியராவது என்று துணிந்தபோது அவர் முதலில் என்ன செய்தார்? சார்ல் பார்க் என்பவர் வெளியிட்டிருந்த வரைபயிற்சித் தாள்களை வரவழைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். இறந்த ஆண்டான 1890-இலும், கை தளர்ந்துவிடக்கூடாதென்று, அதே தாள்களை அனுப்பும்படி தம் தம்பிக்கு எழுதினார். கல்லூரியோடு அவருக்குப் பிணக்கு இருந்தது. கல்வியோடு பிணக்கு இல்லை.

முறையான கலைக்கல்வி என்றவுடன் அது மேனாட்டுச் சரக்கு என்று எண்ணவேண்டா. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் சென்னையில் கலைப்பள்ளி தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் நாட்டுச் சிற்பியர் முறையாகக் கற்றும் கற்பித்தும் வந்தனர். சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதி, உருவத்தின் உயரத்திற்கு ஒரு தென்னையோலையை நறுக்கி, அதனை மடித்து மடித்தே முகம், மார்பு, முழங்கால் ஆகியவற்றின் அளவுகளைக் குறிப்பார். முகத்தின் நீளம் ஒரு தாலம். அது 12 அங்குலம். இது நம் அடிக்கோலின் அங்குலம் அன்று. அந்தந்த உருவத்துக்கே உரிய பகுப்பு. உத்தம தச தாலம் என்னும் உயர்ந்த அளவு 124 அங்குலம். தந்தையிடம் மகன் பத்தாண்டு பயில்வான். இந்த மரபைக் கல்லூரி முறையில் பயிற்றுவிக்க 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு ஒரு நிலையம் தொடங்கியது. இத்துணைக் கட்டுப்பாட்டிலிருந்தே சோழர் காலத்து நடராசர் வடிவங்கள் பிறந்தன என்பதை, விதி கலையைக் கொல்லும் என்போர் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும், கல்லூரியால் தர இயலாத ஒன்று உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. எதை வரைவது, ஏன் வரைவது என்பதை எவரும் கற்பிக்க இயலாது. நல்ல ஆசிரியரிடம் பயின்ற மாணவனுக்கு வரக்கூடிய நோய் ஒன்றும் இருக்கிறது: ஆசிரியருடைய கோடு தன் கையில் ஒட்டிக்கொள்வது. கே. சி. எஸ். பணிக்கர் வாழ்க்கை இங்கே நினைக்கத்தக்கது. தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர் அவர்; 1936-இல், 25 வயதான பின்னர், சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அதன் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் நால்வர் பாறையைப் பெயர்க்கும் 'உழைப்பாளர் சிலை' அவர் படைத்ததே. 1959-இல் அது நிறுவப்பட்டது. அச்சிலையில் ஒவ்வொரு தசையும் எடையைத் தாங்குவது தெரிகிறதே, அத்தகைய உடற்பயிற்சியறிவு அவருடைய வலிமை. பணிக்கர் அந்த அடிப்படையை நன்கு கற்றார். பின்னாளில் அதே நிறுவனத்துக்கு முதல்வருமானார். ஆனால் ஆசிரியர் வழியில் நில்லாமல் தேடிக்கொண்டே சென்றார். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் சோதிடக் கட்டங்களும் எழுத்துப் போன்ற கீறல்களும் நிறைந்திருக்கின்றன. ராய் சௌத்ரியின் சாயல் அவற்றில் எள்ளளவும் இல்லை. மாணவராகச் சேர்ந்ததற்கும் இதற்கும் இடையே 27 ஆண்டுகள்! தனக்கென ஒரு கோடு வேண்டும் என்று முதலாண்டிலேயே துடிக்கும் மாணவரிடம் இக்கணக்கை நான் சொல்வதுண்டு. அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

கல்லூரியில் உடன்பயில்வோர் தரும் கல்வியையும் சொல்லவேண்டும். ஒரே குடத்தை வரைந்த இருபது படங்கள் சுவரில் வரிசையாக மாட்டப்படுகின்றன. நம் படம் எங்கே நொண்டுகிறது என்பதை, எவரும் வாய் திறப்பதற்கு முன்பே நாம் கண்டுவிடுகிறோம். பிறகு பேச்சுத் தொடங்கும். "நன்றாக இருக்கிறது" என்பது அங்கே விமரிசனம் ஆகாது. எங்கே, ஏன் என்று சொல்லியாகவேண்டும். பிறர் படத்தைப் பற்றிச் சொல்லிப் பழகியவனுக்கே தன் படத்தைப் பிறர் படம்போல் பார்க்கும் ஆற்றல் வருகிறது. வீட்டில் பாராட்டு மட்டுமே கிடைக்கும். அதில் குற்றமில்லை, தாய்தந்தையர் வேறு என்ன செய்வர்?

பெற்றோர் ஐயத்துக்கு வருகிறேன். "படித்தபின் சோற்றுக்கு வழி?" என்பது அவர்கள் கேள்வி. இதனை இழிவான கேள்வி என்று தள்ளும் கலைஞர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பணிக்கரும் அவருடைய மாணவர் பலரும் இதே கேள்வியை எதிர்கொண்டவர்களே. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் அவர்கள் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, ஓவியம் விற்று வாழலாம் என்று கனவு காணவில்லை. மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகள் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்த வருவாயில் உண்டு, எஞ்சிய நேரத்தில் வரைந்தார்கள். இக்கைவேலைகளுக்கு வேண்டிய வண்ண அறிவும் வடிவ அறிவும் அவர்கள் வகுப்பறையில் பெற்றவையே. இன்றும் சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்று வெளிவருவோர், துணி வடிவமைப்பு, விளம்பரம், பள்ளி ஆசிரியப் பணி, திரைப்படக் கலையமைப்பு எனப் பல துறைகளில் இருக்கிறார்கள். ஓவியத்தை மட்டுமே நம்பி வாழ்வோர் மிகச் சிலர். சேரும்போதே இதனைத் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது. வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சேர வாய்ப்பில்லாத மாணவருக்கு ஒரு வழி சொல்லி முடிக்கிறேன். வீட்டிலுள்ள ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாளரத்தின் அருகே, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி வையுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் அதனையே, இடத்தை மட்டும் மாற்றி மாற்றி, ஒரு மாதம் வரையுங்கள். ஒவ்வொரு படத்திலும் தேதியிட்டு, எதையும் கிழிக்காமல் வைத்திருங்கள். மாத முடிவில் முப்பது படங்களையும் சுவரோரமாக வரிசைப்படுத்தி, உங்களைப்போலவே வரையும் நண்பர் ஒருவரை அழைத்துவந்து காட்டுங்கள். வரையாதவரை அழைக்கவேண்டா, அவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.