கோச் ஸார், பிளானை மாத்தறீங்களா... இல்லே, ஆளை மாத்தட்டுமா?

தோற்றுக்கொண்டே இருக்கும் கால்பந்து கோச்சைப் போலப் பாவப்பட்ட ஜீவன் உலகத்தில் கிடையாது. ஜெயித்தால், 'பசங்க பிரமாதமா ஆடினாங்க' என்பார்கள். தோற்றால், 'கோச்சுக்கு ஒண்ணும் தெரியலை!' நம் ஆபீஸ் மேனேஜருக்காவது வருஷத்துக்கு ஒரு ஆடிட். இவருக்கு வாராவாரம் ஆடிட். ஸ்டேடியம் முழுக்க ஆடிட்டர்கள்!

இப்படி மாட்டிக்கொண்ட மனுஷர் என்ன செய்யணும்? நம்பின ஆட்டமுறையை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்வதா, நிலைமைக்குத் தக்கபடி மாற்றுவதா? செங்கல்பட்டு - பீச் லோக்கலில் ஏறினால், கொளவாய் ஏரி கண்ணை விட்டு மறைவதற்குள் விவாதம் சூடு பிடித்துவிடும். 'கொள்கைன்னா கொள்கைதான் தலைவா' என்று ஒரு கட்சி. 'பாயின்ட் தராத கொள்கையை வெச்சு நாக்கு வழிக்கவா?' என்று எதிர்க்கட்சி.

நான் பி.காம். ஆசாமி. லெட்ஜரைப் புரட்டாமல் தீர்ப்புச் சொல்ல வராது. புரட்டுவோம்.

2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று சாய்த்து, சென்னையின் எஃப்.சி.க்கு ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கித் தந்தவர் ஜான் கிரிகரி. ஊரே கொண்டாடியது. அடுத்த சீசனில் அதே கிரிகரி, அதே சென்னையின். 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 பாயின்ட், கடைசி இடம்! அப்போதும் நிர்வாகம் அவரைக் கைவிடவில்லை. 2019-20 சீசன் வந்தது. முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. ஆறு ஆட்டத்தில் 5 பாயின்ட். நவம்பர் கடைசியில் கிரிகரி விடைபெற்றார்.

டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். 'முன்னாடி போய் அடிங்கப்பா' ரகம். மீதி 12 ஆட்டத்தில் 24 பாயின்ட்! நாலாவது இடம், அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, ஃபைனல். அங்கே ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி என்பது வேறு விஷயம். இதில் கவனிக்க வேண்டிய சமாச்சாரம் ஒன்று உண்டு. அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும், பந்தை எடுத்துக் கொடுத்த கிரிவெல்லாரோவும் கிரிகரி காலத்திலேயே அணியில் இருந்தவர்கள். சரக்கு அதே சரக்கு, சமையல்தான் மாறியது.

'பார்த்தியா, மாத்தினா ஜெயம்!' என்று துள்ள வேண்டாம். அதே கோய்ல் 2023-ல் திரும்பி வந்தார். 2024-25-ல் 13 அணிகளில் சென்னையின் 11-வது. ஒரு வருஷம் பலித்த மந்திரம் எல்லா வருஷமும் பலிக்காது.

லண்டனிலும் இதே கதைதான். டோட்டன்ஹாம் கோச் போஸ்டெகோக்ளு, முன்னேறி ஆடுவதையே வேதமாகக் கொண்டவர். 2023 நவம்பரில் செல்ஸியுடன் ஆடியபோது இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகும், மீதி ஒன்பது பேரை வைத்துக்கொண்டு தடுப்பு வரிசையை நடு மைதானம் வரை ஏற்றியே நிறுத்தினார். 4-1 தோல்வி. 2024-25 லீகில் 17-வது இடம், 22 தோல்வி. ஆனால் அந்த 2025 மே மாதம் யூரோப்பா லீக் ஃபைனலில் மனுஷர் வேதத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு கோல் போட்டதும் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டார். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 1-0 வெற்றி. 17 வருஷத்துக்குப் பிறகு டோட்டன்ஹாமுக்குக் கோப்பை! அப்படியும் 16 நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லீக் லெட்ஜரில் பற்று அவ்வளவு ஏறியிருந்தது.

மாமல்லபுரம் கடலோர மீனவரைக் கேட்டால், பத்து நிமிஷத்தில் இந்த வழக்கை முடித்துவிடுவார். மத்திக்கு ஒரு வலை, இறாலுக்கு ஒரு வலை. வலையை மாற்றியதால் தொழிலையே விட்டுவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. ஆட்டமுறை என்பது வலை. ஜெயிக்கணும் என்பதுதான் தொழில்.

அதற்காக இரண்டு தோல்விக்கே வலையைக் கடலில் வீசிவிட்டு வரவும் கூடாது. கோச் தன்னைத்தானே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: கோல் வாய்ப்பு வருகிறதா? வந்தும் கோட்டை விடுகிறார்கள் என்றால், பொறுமை. கணக்கு ஒருநாள் நேராகும். வாய்ப்பே வரவில்லை என்றால், கோளாறு பையன்கள் காலில் இல்லை, கோச்சின் நோட்டில் இருக்கிறது. 'இத்தனை மாசம் இதையே பழக்கிட்டோமே' என்பது பதில் ஆகாது. போட்ட முதல் போனது போனதுதான். இனி வரப்போவதைத்தான் பார்க்கணும் என்பது காமர்ஸில் பால பாடம்.

ஓர் இடத்தில் மட்டும் நான் கொள்கைக் கட்சிக்கே ஓட்டுப் போடுவேன். மாமல்லபுரத்தில் எஃப்.சி. மெட்ராஸ் என்று சிறுவர்கள் தங்கிப் படித்து விளையாடும் கால்பந்து அகாடமி இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில், தோற்றாலும் பரவாயில்லை என்று பாஸ் கொடுத்து ஆடும் முறையை வருஷக்கணக்கில் பழக்கத்தான் வேண்டும். பதின்மூன்று வயசுப் பையனுக்குக் காலம் இருக்கிறது. 18 ஆட்ட சீசனில் ஆறு தோற்ற கோச்சுக்கு?

அவருக்கு இருப்பது அடுத்த சனிக்கிழமைதான் ஸார்!