மீன்தொட்டியில் வெயிலின் தாக்கம்: பிஎச் அளவு எந்த அளவுக்கு மாறுகிறது?

2022ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி, பிரிட்டனில் முதன்முறையாக வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. குளிர்சாதன வசதி இல்லாத வீடுகளே அங்கு பெரும்பான்மை. இத்தகைய நாட்களில் அவ்வீடுகளிலுள்ள மீன்தொட்டிகளின் நீரும் சூடேறி, மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்குகின்றன. அதைக் கண்டதும் வளர்ப்பவர்கள் பலர் நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைச் சோதிக்கின்றனர். அது சற்று மாறியிருந்தால் அதைச் சரிசெய்யும் இரசாயனத்தைத் தொட்டியில் கலக்கின்றனர். பிரச்சினை அங்குதான் தொடங்குகிறது.

பிஎச் அளவுகோலை 1909ஆம் ஆண்டு கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் அறிமுகப்படுத்தியவர் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன். இதில் ஒரு புள்ளி வேறுபாடு என்பது பத்து மடங்கு மாற்றத்தைக் குறிக்கும். 7 என்பது நடுநிலை என்று பள்ளியில் கற்பிக்கப்பட்டாலும், அது 25 டிகிரிக்கு மட்டுமே பொருந்தும். தூய நீரின் நடுநிலைப் புள்ளி 20 டிகிரியில் 7.08 ஆகவும், 30 டிகிரியில் 6.92 ஆகவும் இருக்கும். எண் குறைந்ததால் நீர் அமிலமாகிவிட்டது என்று பொருளில்லை.

குழாய் நீரோ தூய நீர் அல்ல. அதிலுள்ள பைகார்பனேட் உப்புகள் பிஎச் அளவை நிலைநிறுத்துகின்றன. நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள கரியமிலவாயு வெளியேறுவதால் பிஎச் உயர முயலும். அதே வேளை கார்பானிக் அமிலம் சற்று வலுவடைவதால் குறையவும் முயலும். ஒன்றை மற்றொன்று பெருமளவு ஈடுசெய்துவிடுவதால், காற்றோட்டமுள்ள தொட்டியில் 10 டிகிரி வெப்பம் கூடினாலும் மாற்றம் 0.1 புள்ளியைக்கூட எட்டுவதில்லை. நிறம் பார்த்து அறியும் சோதனைக் குப்பிகளால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அப்படியானால் பெரிய மாற்றம் தென்படுவது ஏன்? இரவில் தாவரங்களும் மீன்களும் கிருமிகளும் சுவாசித்து வெளிவிடும் கரியமிலவாயு நீரில் தேங்குகிறது. வெப்பத்தில் அச்சுவாசம் வேகமெடுக்கிறது. அதனால் விடியற்காலையில் பிஎச் குறைந்தும் மாலையில் உயர்ந்தும் காணப்படும். சுண்ணாம்புப் பாறைகளின் வழியே வரும் லண்டனின் கடின நீரில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. கட்ரின் ஏரியிலிருந்து கிளாஸ்கோவுக்கு வரும் மென்னீரில் அது அதிகம்.

வெப்பத்தின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே. மீன்களுக்கோ அப்போதுதான் அது கூடுதலாகத் தேவை. கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியாவில் நச்சுத்தன்மை மிக்க வடிவத்தின் பங்கும், பிஎச் 8 ஆக உள்ள நீரில், இதே வெப்ப உயர்வில் ஏறக்குறைய 4 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதமாகக் கூடுகிறது.

இங்குதான் இரசாயனம் கேடு செய்கிறது. பிஎச் அளவை 7இலிருந்து 8க்கு உயர்த்தினால் அந்த நச்சு ஏறத்தாழ பத்து மடங்காகும். வெப்பத்தால் நேருவதைவிட இது மிகப் பெரிய உயர்வு. மாறாக, அமிலம் சேர்த்துக் குறைத்தால், பைகார்பனேட் சிதைந்து கரியமிலவாயு வெளிப்பட்டு, ஏற்கனவே மூச்சுத் திணறும் மீன்களை மேலும் திணறடிக்கும்.

இத்தகைய வேளையில் காற்றுக் குழாயை இயக்கி மேற்பரப்பைக் கலக்குவதும், உணவைக் குறைப்பதும், மூடியைத் திறந்து வைப்பதுமே பயன் தரும். நீரை மாற்றுவதாயின் குளோரின் நீக்கிய நீரைச் சிறிது சிறிதாக, தொட்டியின் வெப்பத்துக்கு நெருக்கமாக்கிச் சேர்க்க வேண்டும். திடீரெனக் குளிர்ந்த நீரை ஊற்றுவது இன்னொரு அதிர்ச்சி. குழாயிலிருந்து பிடித்தவுடன் சோதித்தால் கிடைக்கும் பிஎச் எண்ணையும் நம்ப வேண்டியதில்லை. அழுத்தத்தில் அடைபட்டு வரும் வாயு வெளியேற, ஓர் இரவு திறந்து வைத்த பின்னரே அதன் உண்மையான அளவு தெரியவரும்.