உறையுள் ஓடும் கம்பி

பெரும்பொறி ஒன்று தன் வலிமையெல்லாம் குன்றாதிருந்தும், விரலினும் மெல்லிய கம்பி ஒன்று அறுந்தமையால் செயலற்று நின்றுவிடுவதுண்டு. அமெரிக்க நாட்டில் புல்வெட்டும் பொறி வைத்திருப்போர் பலரும் இதனைக் கண்டறிந்தவர். அந்நாட்டின் சிற்றூர்களிலும் நகர்ப்புறங்களிலும் வீட்டைச் சூழப் பரந்த புல்தரை அமைத்தல் பெருவழக்கு. வேனில் தொடங்கி இலையுதிர்காலம் வரையில் அப்புல்லை வாரந்தோறும் வெட்டிச் சமன் செய்தல் வேண்டும். நிலம் சிறிதாயின் தள்ளிச் செல்லும் பொறி போதும். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என விரிந்ததாயின், சிறு டிராக்டர் போன்ற பொறியின்மீது ஏறியமர்ந்து ஓட்டிக்கொண்டே வெட்டுவர்.

புல்வெட்டும் பொறிக்கு வித்திட்டவர் இங்கிலாந்தின் குளோஸ்டர்சயர்ப் பகுதியைச் சார்ந்த எட்வின் பட்டிங் என்பவர். அப்பகுதி கம்பளி நெசவுக்குப் பெயர் பெற்றது. நெய்த கம்பளியின் மேல் நீட்டி நிற்கும் மயிரிழைகளைச் சமமாகக் கத்தரிக்கும் உருளைப் பொறியொன்று ஆங்குள்ள ஆலைகளில் இயங்கி வந்தது. துணியின் மயிரைக் கத்தரிக்கும் கருவி நிலத்தின் புல்லையும் கத்தரிக்காதோ என்று எண்ணினார் பட்டிங். 1830ஆம் ஆண்டில் தம் பொறிக்கு அவர் காப்புரிமை பெற்றார். அதுவரை அரிவாள் கொண்டு ஆட்கள் பலர் வரிசையாக நின்று அறுத்த புல்லை அதன் பின்னர் ஒருவரே வெட்டலாயினர். வாயை அகட்டியும் குறுக்கியும் கொள்ளத்தக்க திருகு ஸ்பேனர் ஒன்றை ஆக்கியவரும் அவரே என்பர். புல்வெட்டும் பொறியைப் பழுது பார்ப்பவன் கையில் அதுவும் இருத்தல் பொருத்தமே!

இன்றைய ஏறியோட்டும் பொறியில் எஞ்சின் பெரும்பாலும் முன்புறத்தில் உள்ளது. வெட்டும் அலகுகள் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே, கவிழ்த்த தட்டுப் போன்ற இரும்புக் கூட்டினுள் கிடைமட்டமாகச் சுழல்கின்றன. ஓட்டுபவனோ இவையிரண்டிற்கும் அப்பால் இருக்கையில் அமர்ந்துள்ளான். எஞ்சினின் விரைவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நெம்புகோல், அலகுகளைச் சுழற்றவும் நிறுத்தவும் மற்றொரு நெம்புகோல் என இரண்டும் அவன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. கை அசைத்த அசைவு எஞ்சினுக்கும் அலகுக்கும் சென்று சேர்வது எவ்வாறு? நேரான இரும்புக் கோல் வளைந்து செல்லாது. வெறுங்கயிற்றைக் கட்டினாலோ, வளைவுதோறும் கப்பி ஒன்று அமைத்தல் வேண்டும். அலகுக்கூடு மேலும் கீழும் அசையுந்தோறும் கயிறு தளர்ந்தும் இறுகியும் போகும்.

இவ்விடுக்கணை நீக்கியது பௌடன் கம்பி. அயர்லாந்தில் பிறந்த எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் 1896ஆம் ஆண்டில் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ராலி மிதிவண்டித் தொழிற்சாலையை நிறுவிய பிராங்க் பௌடனே இதனைக் கண்டவர் எனப் பலர் கூறுவதுண்டு. பெயரொற்றுமையால் நேர்ந்த மயக்கம் அது. ஆயினும் இக்கம்பி முதன்முதலில் பெரிதும் பயன்பட்டது மிதிவண்டியின் தடையை இயக்குவதற்கேயாம். நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டரின் கிளட்ச்சிலும் மிதிவண்டிகள் பலவற்றின் பிரேக்கிலும் உள்ளது இதுவே. பட்டறையினர் இதனைக் கேபிள் என்றே வழங்குவர்.

இதன் இயல்பை அறிய, பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையை நினைவிற் கொள்க. கயிற்றை ஈர்த்தால் கயிறு வெளியே வருகின்றது. அது நுழைந்துள்ள துணிமடிப்போ சுருங்கிக் குவிகின்றது. அத்துணிமடிப்பு சிறிதும் குவியாது விறைத்து நிற்பதாகக் கொள்வோம். அப்பொழுது ஈர்த்த விசை எங்கே செல்லும்? கயிற்றின் மறுமுனையை இழுப்பதன்றி அதற்கு வேறு வழியில்லை. பௌடன் கம்பியில் உள்ள உறை இத்தகைய குவியாத மடிப்பே ஆகும். எஃகுக் கம்பியைச் சுருளோடு சுருள் நெருங்கச் சுற்றி அதனை ஆக்குகின்றனர். அது வளையும், ஆயின் நீளத்தில் குறுகாது. அதனுள்ளே இழைகள் பல முறுக்கிய எஃகுக் கம்பி தடையின்றி ஓடுகின்றது. உறையின் இருமுனைகளையும் பொறியின் உடலோடு பொருத்திவிட்டால், உள்ளோடும் கம்பியை ஒருபுறம் ஓர் அங்குலம் ஈர்க்க, மறுபுறமும் ஏறத்தாழ ஓர் அங்குலம் ஈர்க்கப்படும். இடையே எத்துணை வளைவு இருப்பினும் கேடில்லை. முறுக்கிய மெல்லிழைக் கம்பி இழுக்கவல்லதேயன்றித் தள்ளவல்லதன்று. ஆதலின் அதனை மீண்டும் பின்னிழுக்க மறுமுனையில் வில்சுருள் ஒன்று வைக்கப்பெறும். எஞ்சினின் விரைவைக் கட்டுப்படுத்தும் கம்பி மட்டும் பெரும்பாலும் முறுக்கில்லாத தடித்த ஒற்றைக் கம்பியாய் அமைந்து, இழுத்தலும் தள்ளலும் ஆகிய இரண்டனையும் செய்கின்றது.

அலகை இயக்கும் கம்பியின் பணி நுட்பமானது. எஞ்சினிலிருந்து அலகுக்கு விசையைக் கொண்டு செல்லும் பெல்ட்டு எப்பொழுதும் சற்றே தளர்ந்து கிடக்கின்றது. நெம்புகோலை முன்தள்ளியவுடன் கம்பி ஈர்க்கப்பட, தனிக்கப்பி ஒன்று நகர்ந்து பெல்ட்டை அழுத்தி இறுக்குகின்றது; அலகு சுழல்கின்றது. நெம்புகோலை விடுவித்தால் வில்சுருள் கப்பியைப் பின்வாங்கச் செய்யும், பெல்ட்டு தளரும், உடனே தடைக்கட்டை அலகின் சக்கரத்தைப் பற்றி நிறுத்தும். அலகின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் சுழல்வதுண்டு என்பதை நோக்கின், இத்தடையின் அருமை விளங்கும். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டின் நடுவிலிருந்து, பின்னே நடந்து செலுத்தும் பொறிகளில், கைப்பிடியை விட்ட 3 நொடிகளுக்குள் அலகு நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். புதிய ஏறியோட்டும் பொறிகள் பலவற்றில் கம்பிக்கு மாற்றாக மின்காந்தக் கிளட்ச் அமைந்துள்ளது. எனினும் கம்பியால் இயங்குவனவும் எண்ணற்றவை.

கம்பி அறுவது நடுவில் அரிது. முனையிலுள்ள உலோகக் குமிழுக்கு அருகிலோ, கம்பி உறையை விட்டு வெளிவரும் வாயிலிலோதான் அறுதல் பெரும்பான்மை. ஏனெனின் ஒவ்வோர் அசைவிலும் அது அவ்விடத்திலேயே வளைந்து நிமிர்கின்றது. இழைகள் ஒவ்வொன்றாய் அற்று, முட்போல் வெளியே நீட்டும். மழைநீர் உறையுட் புகுந்து துருவேறுதலும், குளிர்காலத்தில் கொட்டிலில் ஒதுங்கும் எலி மேலுறையைக் கடித்தலும் கேட்டிற்குப் பிற காரணங்கள். அறுந்த கம்பியினும் அஞ்சத்தக்கது அறாமல் இறுகிய கம்பி. அலகின் கம்பி அறுந்தால் வில்சுருள் தன் கடமையைச் செய்ய, அலகு நின்றுபோகும். புல் வெட்டப்படாது கிடக்கும், அவ்வளவே. துருவால் கம்பி உறையுள் சிக்கிக்கொண்டாலோ, நெம்புகோல் பின்வாங்கியும் அலகு சுழன்றுகொண்டே இருக்கலாம். நின்றதென எண்ணி இறங்கிக் கூட்டினுள் அடைத்த புல்லை அகற்றக் கைநீட்டுபவனுக்கு நேரக்கூடியதை விரித்துரைத்தல் வேண்டா.

கம்பியை மாற்ற முற்படுவோர் பொறியைச் சமதரையில் நிறுத்தி, நிறுத்துத்தடையை இட்டு, சாவியை எடுத்துவிடுவர். அதனோடு அமையாது, எஞ்சினின் பொறியூட்டும் செருகியிலிருந்து மின்கம்பியையும் கழற்றி ஒதுக்குவர். எஞ்சின் நன்கு ஆறும் வரை காத்திருத்தலும் வேண்டும். புகைபோக்கியின் சூடு எளிதில் தணியாது. பொறியின் மாதிரி எண் பல பொறிகளில் இருக்கையின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். அவ்வெண்ணைக் கூறியே புதிய கம்பியை வாங்குதல் முறை. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு கம்பிகள் உறையின் நீளத்தில் சிறிதளவு வேறுபடினும் ஒன்று உதவாது போகும்.

பழைய கம்பியைப் பிடுங்கி எறிவதே பழகாதவன் முதலிற் செய்யும் பிழை. அக்கம்பி எந்தச் சட்டத்தின் அடியில் நுழைந்து, எந்தக் கொக்கியில் தங்கி, எவ்வழியே செல்கின்றது என்பது பின்னர் நினைவில் நில்லாது. அறிந்தவன் பழைய கம்பியின் ஒருமுனையில் நீண்ட சணற்கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து மெல்ல இழுப்பான். கம்பி வெளியே வர, அது கிடந்த வழியெல்லாம் கயிறு கிடக்கும். அக்கயிற்றின் முனையில் புதிய கம்பியைக் கட்டித் திரும்ப இழுத்தால், அதுவும் பழைய வழியிலேயே சென்று அமரும். உறை எவ்விடத்தும் ஒடிந்ததுபோல் மடங்கலாகாது. புகைபோக்கியையும் ஓடும் பெல்ட்டையும் தொடலாகாது. ஓடுபாதையில் நைலான் உட்பூச்சு உள்ள கம்பிக்கு எண்ணெய் இடுதல் பெரும்பாலும் வேண்டாததே. தூசியும் புல்தூளும் எண்ணெயோடு சேர்ந்து சேறாகிக் கம்பியை இறுக்கும்.

பின்னர் முனைகளைப் பொருத்துவர். விரைவுக் கம்பியாயின், அதன் வளைந்த முனையை நெம்புகோலின் துளையில் மாட்டி, நெம்புகோலை மிகுவிரைவுக் குறியில் நிறுத்தி, எஞ்சின் பக்கத்துச் சிறுகோலும் அதற்குரிய எல்லையைத் தொடுமாறு செய்து, அந்நிலையிலேயே உறையைப் பற்றும் திருகை முடுக்குதல் வேண்டும். அலகுக் கம்பியாயின், வில்சுருள் எவ்வளவு நீள வேண்டும் என்று கையேட்டில் குறித்த அளவை அளவுகோலால் பார்த்து, உறைமுனையின் நட்டைத் திருகி அமைப்பர். இறுக்கம் குறைந்தால் பெல்ட்டு வழுக்கிப் புகையும். மிகுந்தால், நெம்புகோலை விடுவித்த பின்னும் அலகு நில்லாது. பின்னது பெருந்தீங்கு.

எல்லாம் முடிந்தபின் சுக்கானை இருபுறமும் முழுதும் திருப்பியும், அலகுக்கூட்டை உயர்த்தித் தாழ்த்தியும், கம்பி எங்கேனும் இழுபடுகின்றதா என்று பார்ப்பர். கழற்றிய மின்கம்பியை மீண்டும் செருகி எஞ்சினை இயக்குவது அதன் பின்னரே. அருகில் எவரும் இல்லாத இடத்தில், ஓட்டுபவன் இருக்கையில் அமர்ந்தபடியே அலகைச் சுழலவிட்டு, நெம்புகோலை விடுவித்து, ஓசை அடங்கும் வரை நொடிகளை எண்ணுவான். கையேட்டில் குறித்த நொடிகளுக்குள் ஓசை அடங்காதாயின் பொறியைப் புல்லில் இறக்காது, எஞ்சினை நிறுத்தி, மின்கம்பியை மறுபடியும் கழற்றிவிட்டு நட்டைத் திருத்துவான். புதிய கம்பி முதற்சில மணி நேர வேலையில் சற்றே தளர்வது இயல்பு. ஆதலின் இரண்டொரு முறை புல் வெட்டிய பின்னர் வில்சுருளின் நீளத்தை மீண்டும் ஒருமுறை அளந்து பார்ப்பர்.