விசில் ஊதியும் நிற்காத ஆட்டம்: தற்காப்பு என்ன செய்ய வேண்டும்?

உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளி ஹாக்கிக் குழுவில் இருந்தால், திடலோரத்தில் நின்று இதைப் பார்த்திருப்பீர்கள். நடுவர் விசில் ஊதுகிறார். தவறு செய்த ஆட்டக்காரர் கையை விரித்து நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குள் எதிரணிப் பெண் பந்தை நிறுத்தி, மெல்லத் தட்டி, ஓடியே போய்விட்டாள். நம் தற்காப்பு ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் இன்னும் திரும்பவே இல்லை. "நாம தயாராகுறதுக்குள்ள ஆடலாமா, இது என்ன அநியாயம்?" என்று பக்கத்தில் யாராவது கேட்பார்கள்.

ஆடலாம். விதியே அப்படித்தான். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் பிள்ளையின் குழு வாங்கும் கோல்களில் பலவற்றைத் தவிர்க்கலாம். சுங்கை பினாங்கிலிருந்து பள்ளித் திடலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காத்திருக்கும் பெற்றோருக்காகவும், குழுவைப் பழக்கும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த விதி என்ன? தவறு நடந்தால் எதிரணிக்கு ஃப்ரீ ஹிட் (தடையின்றி அடிக்கும் வாய்ப்பு) கிடைக்கும். முன்பெல்லாம் அதை எடுப்பவர் பந்தை இன்னொருவருக்குத்தான் அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்பலாம் என்று அவர் தேடும் நேரத்தில் தற்காப்பு வரிசை கட்டிவிடும். 2009-இல் அனைத்துலக ஹாக்கி சம்மேளனம் செல்ஃப் பாஸை (பந்தைத் தானே தட்டி, தானே கொண்டு ஓடுவது) அனுமதித்தது. பந்து ஒரு கணம் அசையாமல் நின்றால் போதும். நடுவரின் இரண்டாவது விசிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்பே, 1990களில், ஆஃப்சைடு விதி போயிற்று; ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும் ஆயிற்று. செயற்கைத் தரையில் பந்தும் வழுக்கிக்கொண்டு ஓடும். எல்லாம் சேர்ந்து தாக்கும் அணிக்குச் சாதகமாகிவிட்டது. ஹாக்கியை வேகமாக்கத்தான் இதெல்லாம் செய்தார்கள். பார்ப்பவருக்கு விருந்து, தடுப்பவருக்குச் சோதனை.

இந்தத் தொல்லை ஹாக்கிக்கு மட்டும்தானா? இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் அவர்கள் ஊர்க் காற்பந்தில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. அங்கே ஒவ்வொரு மோதலுக்கும் பிறகு ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடி, அடுத்த திட்டத்தைப் பேசிவிட்டு வருவது வழக்கம். சில அணிகள் அந்தக் கூட்டத்தையே விட்டுவிட்டன. சிப் கெல்லி 2009 முதல் 2012 வரை தலைமைப் பயிற்றுநராக இருந்த ஓரிகன் பல்கலைக்கழக அணி இதில் பேர்போனது. ஒரு மோதல் முடிந்து எதிரணி எழுந்து நிற்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். தாக்கும் அணி ஆளை மாற்றினால் தடுக்கும் அணிக்கும் மாற்ற அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அதனால் தாக்கும் அணி ஆளை மாற்றாமலே ஆடும். களைத்த தற்காப்புக்காரர் வெளியே போகவும் முடியாது, மூச்சு வாங்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் தாக்கும் அணி பத்து விநாடியாவது காத்திருக்க வேண்டும் என்று 2014-இல் ஒரு யோசனை வந்தது. பயிற்றுநர்களுக்குள் பெரிய சண்டையாகி, அது கைவிடப்பட்டது.

விதி காப்பாற்றாது என்று தெரிந்ததும் அங்குள்ள தற்காப்புப் பயிற்றுநர்கள் தாங்களே வழி தேடினார்கள். நீளமான திட்டப் பெயர்களை ஒரே சொல்லாகச் சுருக்கினார்கள். திடலோரத்திலிருந்து கைச்சாடையால் சொல்லப் பழகினார்கள். ஒரே வேலை தெரிந்த பெரிய உடம்புக்காரர்களைக் குறைத்து, இரண்டு வேலை தெரிந்தவர்களை இறக்கினார்கள். பயிற்சியில் ஒரு தற்காப்புக் குழுவுக்கு எதிராக இரண்டு தாக்குதல் குழுக்களை மாற்றி மாற்றி விட்டார்கள். நமக்கு வேண்டியதும் இவைதான். அதிலும் அந்த ஒரே சொல் ரொம்ப முக்கியம்.

சரி, நம் திடலுக்கு வருவோம். விசில் ஊதியபின் வரும் முதல் மூன்று விநாடிகளில் தற்காப்பு என்ன செய்ய வேண்டும்?

பந்துக்குப் பக்கத்தில் நிற்கும் உங்கள் ஆட்டக்காரரை முதலில் பாருங்கள். ஃப்ரீ ஹிட் எடுக்கும்போது எதிரணியினர் பந்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஐந்து மீட்டருக்குள் இருப்பவர் பந்தைத் தொடக்கூடாது, தொட முயலவும் கூடாது, வழியை மறிக்கவும் கூடாது. ஆனால் ஐந்து மீட்டருக்கு அப்பால் ஏற்கெனவே நிற்பவர், பந்து அசைந்த உடனே தடுக்கப் போகலாம். பல பள்ளிக் குழுக்கள் இதைக் கவனிப்பதே இல்லை. அருகில் இருப்பவர் ஆத்திரத்தில் மட்டையை நீட்டுகிறார், மறுபடி விசில், மறுபடி ஃப்ரீ ஹிட், இந்த முறை இன்னும் முன்னால். தடுக்க உரிமை உள்ளவரோ, "பக்கத்துல ஆள் இருக்கே" என்று சும்மா நிற்கிறார்.

அப்படியானால் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் உடனே விலகுகிறார். இரண்டாமவர் தடுக்கப் போகிறார். விலகியவர் அந்த இரண்டாமவருக்குப் பின்னால் காவலாகிறார். விசில் கேட்ட கணமே இந்த இடமாற்றம் தானாக நடந்தால், செல்ஃப் பாஸின் பாதி பலம் போய்விடும்.

விலகுவது என்றால் எப்படி விலகுவது? இங்கேதான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். முதுகைக் காட்டி ஓடுவார்கள், அல்லது பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பார்கள். முதுகைக் காட்டினால் பந்து எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியாது. பக்கவாட்டில் ஒதுங்கினால் நடுப்பாதை திறந்துவிடும். உடம்பை அரைவாசி திருப்பி, கண் பந்திலேயே இருக்க, பந்துக்கும் நம் கோலுக்கும் இடையிலுள்ள கோட்டிலேயே பின்வாங்க வேண்டும். மட்டையின் நுனி தரையை ஒட்டி இருக்கட்டும். மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளை, திரும்பும்போது அதைக் கீழே கொண்டுவரவே ஒரு விநாடியை இழக்கிறது.

தடுக்கப் போகிறவர் பாய்ந்து விழலாமா? வேண்டாம். ஓடி வருபவர் எதிர்பார்ப்பதே அதைத்தான். ஒரு தட்டில் தாண்டிவிடுவார். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. அதனால் தற்காப்பு ஆட்டக்காரரின் வலப்பக்கம் பலமானது, இடப்பக்கம் பலவீனமானது. எதிரியைத் தன் வலப்பக்கம் போக வைத்து, முடிந்தால் ஓரக்கோட்டை நோக்கி ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். பந்தைப் பறிக்காவிட்டாலும் பரவாயில்லை. மற்றவர்கள் இடம்பிடிக்க மூன்று நான்கு விநாடி கிடைத்துவிட்டதே, அந்தத் தடுப்பு வென்றதாகத்தான் கணக்கு. திடலோரத்தில் நின்று "அடி, அடி, பந்தைப் பிடுங்கு" என்று கத்தும் பெற்றோரிடம் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து அப்படிக் கத்தாதீர்கள். பொறுமையாகப் பின்வாங்கும் பிள்ளை பயந்து போகவில்லை, சரியாகத்தான் ஆடுகிறது.

கோல் வட்டத்துக்குப் பக்கத்தில் ஃப்ரீ ஹிட் என்றால்? கோலிலிருந்து 23 மீட்டர் கோட்டுக்குள் தாக்கும் அணி எடுத்தால், பந்து நேராக வட்டத்துக்குள் போக முடியாது. ஐந்து மீட்டராவது ஓடியிருக்க வேண்டும், அல்லது தற்காப்பு ஆட்டக்காரர் யாராவது தொட்டிருக்க வேண்டும். தற்காப்புக்கு விதி தரும் சின்னச் சலுகை இது. எதிரி அந்த ஐந்து மீட்டரை எந்தப் பக்கமாகக் கடப்பார் என்று முன்கூட்டியே கணித்து, ஒருவர் அங்கே நின்றுவிட வேண்டும். மற்றவர்கள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வட்டத்துக்குள் நிற்கும் எதிராளிகளை ஆளுக்கொருவராகப் பிடித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் மூன்று விநாடியில் யார் யாருக்குச் சொல்வது? கோல் காவலர்தான் சொல்ல வேண்டும். முழுத் திடலும் கண்ணெதிரே இருப்பது அவருக்கு மட்டும்தான். ஆனால் வாக்கியமாகச் சொன்னால் வாக்கியம் முடிவதற்குள் கோல் விழுந்துவிடும். பினாங்குப் பள்ளிக் குழுக்களில் தமிழ்ப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் பஞ்சாபிப் பிள்ளையும் சேர்ந்து ஆடுவார்கள். எல்லாருக்கும் புரிகிற மலாய்ச் சொற்களே போதும். "பாலிக்" என்றால் எல்லாரும் பின்வாங்கு. "ஜாகா" என்று சொல்லி எண்ணைச் சொன்னால் அந்த எண்காரரைப் பிடி. "கிரி", "கானான்" என்றால் எந்தப் பக்கம் ஒதுக்குவது என்று தெரிந்துவிடும். தடுக்கப் போகிறவர் "சாயா" என்று ஒரு குரல் கொடுத்தால் இரண்டு பேர் ஒரே ஆளிடம் ஓட மாட்டார்கள். எந்தச் சொல் என்பது உங்கள் குழுவின் விருப்பம். நான்கைந்துக்கு மேல் வேண்டாம், எல்லாருக்கும் ஒரே பொருளில் தெரிந்திருக்க வேண்டும். என் கணிப்பில், பள்ளி அளவில் வேகமான அணியிடம் தோற்கும் குழுக்கள் காலில் தோற்பதைவிட வாயை மூடிக்கொண்டு தோற்பதுதான் அதிகம்.

பந்தைக் காலால் தள்ளிவிட்டு நேரம் கடத்தினால் என்ன? பெரியவர்களே செய்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். விலைப்பட்டியலைச் சொல்லிக்கொடுங்கள். விலகாமல் நின்றால் நடுவர் ஃப்ரீ ஹிட்டைப் பத்து மீட்டர் வரை முன்னால் கொண்டுபோகலாம். பச்சை அட்டை காட்டினால் இரண்டு நிமிடம் வெளியே, மஞ்சள் என்றால் ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ. சொந்த 23 மீட்டர் பகுதிக்குள் வேண்டுமென்றே தவறு செய்தால் பெனால்டி கார்னர். அதில் கோல் காவலரையும் சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். வேகமான அணிக்கு எதிராகப் பத்துப் பேராக இரண்டு நிமிடம் ஆடுவது, கடத்திய பத்து விநாடிக்குக் கொடுக்கும் மிகப் பெரிய விலை.

நேர்மையான தாமதம் ஒன்று இருக்கிறது. அதை முன்வரிசை ஆட்டக்காரர்கள் செய்ய வேண்டும். பந்தை இழந்ததும் தலையைத் தொங்கப்போட்டு நிற்காமல், ஐந்து மீட்டர் தள்ளி, எதிரி பந்தை அனுப்ப விரும்பும் பாதையில் நின்றுவிட வேண்டும். முன்னால் வழி இல்லாததால் அவர் பக்கவாட்டில் அனுப்புவார். பின்வரிசைக்கு அந்த அவகாசம் போதும்.

ஆளை மாற்றுவது எப்போது? இதில் அமெரிக்கக் காற்பந்தைவிட நமக்கு வசதி அதிகம். பெனால்டி கார்னர் நடக்கும் நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். எதிரணியின் அனுமதி தேவையில்லை. ஆனால் அதற்காக ஆட்டம் நிற்காது. வெளியேறுபவரும் உள்ளே வருபவரும் நடுக்கோட்டுப் பக்கமாகத்தான் கடக்க வேண்டும். பின்வரிசைக்காரர் அங்கே ஓடிவரும் நேரத்தில் அவர் இடம் காலி. அதனால் பந்து எதிரணியின் மூலையில் இருக்கும்போதுதான் தற்காப்பில் ஆளை மாற்ற வேண்டும். பினாங்கின் பிற்பகல் வெயிலில் ஆட்டத்தின் ஒரு கால்பகுதி முழுக்க ஒரே ஆளை ஓடவிடுவது சரியில்லை. யாரை எப்போது மாற்றுவது என்று எப்படித் தெரியும்? குரலைக் கவனியுங்கள். களைப்பு வந்தால் முதலில் அடங்குவது அதுதான். ஐந்து நிமிடமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மௌனமானால் வெளியே அழைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

இதெல்லாம் பள்ளி அளவுக்குத்தானா? தேசிய அணிக்கும் இதே சோதனைதான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் மலேசியா இந்தியாவுடன் 2-2 எனச் சமன் கண்டு, ஷூட்அவுட்டில் 7-6 என்று வென்றது. கோல் காவலர் எஸ்.குமாரை நாடே கொண்டாடியது. இறுதியாட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக முன்னிலையில் இருந்தும், ஆட்டம் 6-6 என்று முடிந்து, ஷூட்அவுட்டில் தங்கம் கைநழுவியது. தோக்கியோ ஒலிம்பிக்குக்கான நேரடித் தகுதியும் அதோடு போயிற்று. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஜப்பானின் கோல்கள் எல்லாம் செல்ஃப் பாஸில் வந்தவை என்று நான் சொல்லவில்லை. முன்னிலையில் இருக்கும் அணி களைத்திருக்கையில், பின்தங்கிய அணி மூச்சுவிடாமல் தொடுத்துக்கொண்டே இருந்தால், ஆறு கோல் போட்ட பிறகும் நிம்மதி கிடையாது என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் புல்தரைதானே, செயற்கைத் தரை இல்லையே என்கிறீர்களா? புல்லில் பந்து தட்டித் தட்டிப் போகும், செல்ஃப் பாஸ் கொஞ்சம் மெதுவாகும், தற்காப்புக்கு அரை விநாடி கூடுதலாகக் கிடைக்கும். அதற்குப் பழகிய பிள்ளைகள் முதன்முறை செயற்கைத் தரையில் இறங்கும்போது திகைத்துப்போகிறார்கள். அதனால் பயிற்சியைத் தேவைக்கு மேல் வேகமாக்குங்கள். நான்கு தற்காப்பு ஆட்டக்காரர்களும் ஒரு கோல் காவலரும் ஒரு பக்கம். மும்மூன்று பேராக இரண்டு தாக்குதல் குழுக்கள் மறுபக்கம். முதல் குழுவின் ஓட்டம் முடிந்து விசில் ஊதியதும், வேறு மூலையில் இன்னொரு பந்தை வைத்து இரண்டாவது குழு உடனே செல்ஃப் பாஸில் தொடங்க வேண்டும். தாக்குபவர்களுக்கு ஓய்வு உண்டு, தடுப்பவர்களுக்குக் கிடையாது. முக்கால் நிமிடம் ஆட்டம், ஒரு நிமிடம் ஓய்வு, அப்படி ஐந்தாறு முறை போதும். யார் பந்தைப் பறித்தார்கள் என்று எண்ணாதீர்கள். விசிலுக்குப் பிறகு முதல் குரல் எவ்வளவு சீக்கிரம் வந்தது, பந்துக்கும் கோலுக்கும் இடையில் ஆள் இருந்ததா என்று மட்டும் பாருங்கள்.

திடல் கிடைக்காத நாளில் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள பூப்பந்துத் தளம் போதும். தரையில் ஐந்து மீட்டரைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, பந்தில்லாமலே பின்வாங்கிப் பழகச் சொல்லுங்கள். பெரியவர் காலடியில் ஏறக்குறைய ஏழு அடி வைப்பு. அந்தத் தூரம் எவ்வளவு என்று காலுக்குத் தெரிந்துவிட்டால், ஆட்டத்தில் நடுவர் கை காட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.