ஜிங்க் சல்பேட்டை நாம் தொடலாமா?

நம் கூட்டங்களில் தவறாமல் வருகிற கேள்வி இது: "ஜிங்க் சல்பேட் ரசாயனம்தானே சார், அதை நாம தொடலாமா?" பதிலுக்கு முன்னால் அது என்ன சரக்கு என்று பார்த்துவிடுவோம்.

துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாகும் உப்பு. பழைய பெயர் வெள்ளைத் துத்தம். போர்டோ கலவைக்கு வாங்கும் மயில்துத்தம் நீலம், அது செம்பு. இது வெள்ளை. கடையில் இரண்டு வகை கிடைக்கும். படிக வகையில் துத்தநாகம் 21 சதவீதம், நீர் குறைந்த வகையில் 33 சதவீதம். மூட்டை விலையை விட இந்த எண்தான் முக்கியம்.

ரேயான் நூல் இழுக்கும் அமிலத் தொட்டியில் இது உண்டு. நூலுக்கு வலு சேர்க்கும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலோடு சுகாதார நிலையத்தில் ஜிங்க் மாத்திரை தருகிறார்கள் இல்லையா, அதில் இருப்பதும் பெரும்பாலும் இதுவே. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம், 10 முதல் 14 நாள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2004-ல் பரிந்துரைத்தன. அதற்காக உர மூட்டையை மருந்தாக நினைத்துவிடக் கூடாது. வயிற்றுக்குள் போனால் வாந்தியும் எரிச்சலும்தான். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இனி நம் வயல். 1966-ல் பந்த்நகரில் ஒய்.எல்.நெனே என்ற விஞ்ஞானி, தராய் பகுதி நெல்லைத் தாக்கிய 'கைரா' நோய்க்குக் காரணம் கிருமி அல்ல, துத்தநாகக் குறை என்று கண்டுபிடித்தார். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையின் அடிப்பக்கம் நடுநரம்பு வெளுக்கும், துருப் புள்ளி விழும், பயிர் குட்டையாக நிற்கும். பூச்சி என்று மருந்தடித்தால் காசுதான் போகும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுண்ணாம்பு மண்ணிலும் களர் நிலத்திலும் தண்ணீர் கட்டியே கிடக்கும் வயலிலும் துத்தநாகம் இருக்கும், ஆனால் பயிருக்குக் கிடைக்காது. லாக்கரில் பணம் இருக்கிறது, சாவி இல்லை என்கிற கதை. அங்கே முதலில் மட்கிய தொழு உரமும், வயலைக் காய விட்டுப் பாய்ச்சுவதும் பலன் தரும்.

அதற்குப் பிறகும் குறை இருக்கிறது என்று மண் பரிசோதனை சொன்னால், சான்று நிறுவனத்தின் ஒப்புதலோடு போடலாம் என்பது என் கட்சி. வேளாண் துறை சொல்லும் அளவு ஏக்கருக்கு 10 கிலோ. மணலோடு கலந்து தூவலாம். பாஸ்பேட் உரத்தோடு மட்டும் சேர்க்கக் கூடாது, இரண்டும் கட்டிக்கொண்டு கரையாமல் போகும். போட்டது அடுத்தடுத்த பயிருக்கும் நிற்கும் என்பதால் போகத்துக்குப் போகம் கொட்ட வேண்டியதில்லை. தேவையை விசாரிக்காமல் கடன் கொடுக்கக் கூடாது என்று முப்பது வருஷம் பழகிய புத்தி எனக்கு!

கலப்படம் நிறைய. மக்னீசியம் சல்பேட்டை இதன் பெயரில் விற்கிறார்கள், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் டி.ஏ.பி.யைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அதில் ஜிங்க் சல்பேட் கரைசலை ஊற்றுங்கள். அசலானால் திரிந்த பால் போல கெட்டியாகத் திரளும், மக்னீசியம் அப்படித் திரளாது. டி.ஏ.பி. நம் வீட்டில் ஏது? பக்கத்து வயல்காரரிடம் ஒரு பிடி கேட்டு வாங்குங்கள், சோதனைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டு. வாங்கிய ரசீதையும் மண் பரிசோதனைச் சீட்டையும் ஒரே கோப்பில் வையுங்கள், ஆய்வாளர் கேட்பார்.