ஸ்கிராப் கட்டையில் நினைவுப் பெட்டி!
முத்திரையைப் பார்க்காமல் கை வைக்காதீங்க!

குன்றத்தூர்,

'ஸ்கிராப்' என்ற சொல்லைக் கேட்டாலே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் போலீஸ் காதைத் தீட்டிக்கொள்ளும். கம்பெனிக் கழிவை எடுப்பது நீயா, நானா என்ற போட்டியில் அரிவாள் தூக்கிய வழக்குகள் ஒன்றிரண்டு அல்ல. இரும்பும் செம்பும் காசு கொட்டும் சரக்கு. அதுக்குத்தான் அத்தனை அடிதடி!

ஆனால் அதே கேட் வழியாக இன்னொரு கழிவும் வெளியே வருகிறது. அதுக்காக யாரும் கத்தி தூக்குவதில்லை. அதுதான் பேக்கிங் கட்டை!

கடல் தாண்டி வந்த மரம்

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலைக்கு அடிக்கல் விழுந்தது. 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. மெஷினும் உதிரி பாகமும் கப்பலில் வரும்போது மரப்பெட்டியிலும், 'பேலட்' என்கிற மரத்தட்டிலும் ஏறித்தான் வரும். சாமான் உள்ளே போகும். மரம் வெளியே வரும்!

இதில் பைன் மரம் நிறைய உண்டு. வெளுத்த நிறம், லேசான கனம். தேக்கு மாதிரி உழைக்காதுதான். கடைக்கு அலமாரி ஆகிறது, கோழிக்கூண்டு ஆகிறது, கடைசியில் அடுப்புக்குப் போகிறது. அந்த அடுப்புக்குத் தப்பிய ஒரு மூணடித் துண்டு இருந்தால் போதும். கைக்கு அடக்கமாய் ஒரு நினைவுப் பெட்டி ரெடி!

கொஞ்சம் பொறுங்க... முத்திரை எங்கே?

கட்டை ஓசியில் கிடைத்தது என்று உடனே ரம்பத்தைத் தூக்கிவிடக்கூடாது. முதலில் முத்திரையைத் தேடணும்.

1996-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மரங்களைத் துளைத்த ஒரு வண்டு பிடிபட்டது. ஆசியாவில் இருந்து பேக்கிங் மரத்துக்குள் ஒளிந்து வந்த திருட்டுப் பயணி அது! இப்படிப்பட்ட பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாமல் தடுக்க 2002-ல் ஒரு சர்வதேச விதி வந்தது. அதன்படி பேக்கிங் மரத்தைப் பக்குவம் செய்து, ஒரு கதிர் படத்தோடு முத்திரை குத்த வேண்டும்.

அந்த முத்திரையில் நாட்டின் குறி, தயாரித்தவர் எண், கடைசியாகப் பக்குவம் செய்த முறை எல்லாம் இருக்கும். 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சூடு காட்டிய மரம். நடுக்கட்டை வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு, விடாமல் 30 நிமிஷம். பூச்சி காலி!

'எம்.பி.' என்று இருந்தால் உஷார்! மீதைல் புரோமைடு என்ற விஷ வாயு காட்டிய மரம் அது. வானத்து ஓசோன் படலத்தையே ஓட்டை போடும் வாயு. நாளாவட்டத்தில் வாயு பறந்துவிடும் என்றாலும், வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு அந்தக் கட்டை வேண்டவே வேண்டாம். அடுப்பிலும் வைக்காதீங்க.

எண்ணெய்க் கறை, ரசாயன நாற்றம் உள்ள கட்டையையும் ஒதுக்குங்க. எச்.டி. முத்திரை பூச்சிக்குத்தான் சாட்சி. வழியில் மேலே என்ன கொட்டியது என்று அதுக்குத் தெரியாது!

மூணு நூல் கனம்

இனி வேலை. ஆணியை எல்லாம் பிடுங்கணும். ஒரு ஆணி உள்ளே முறிந்து கிடந்தாலும் இழைப்புளியின் வாய் போச்சு! பிறகு பலகையை மூணு நூல் கனத்துக்கு இழைக்கணும்.

6 அங்குல நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குல உயரம். இதுதான் பெட்டி. நாலு பக்கத்தையும் ஒரே பலகையில் வரிசையாக அறுத்தால் மரத்தின் வரி பெட்டியைச் சுற்றி ஓடும். மூலைகள் 45 டிகிரி சாய்வு. உள்பக்கம் மேலும் கீழும் காடி எடுத்து, அடித்தட்டையும் மேல்தட்டையும் அதில் செருகணும். மூலைக்கு ஃபெவிகால் உண்டு. காடிக்குக் கிடையாது! மழைக்கு மரம் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அசைய இடம் இல்லாவிட்டால் தட்டு பிளந்துவிடும்.

இறுக்கிப் பிடிக்க இரும்பு கிளாம்ப் வேண்டாம். பழைய சைக்கிள் ட்யூபை நீளமாகக் கிழித்து இழுத்துச் சுற்றினால் போதும். ஒரு ராத்திரி காயட்டும்.

இப்போது கையில் இருப்பது திறக்கவே வழியில்லாத பெட்டி! இங்கேதான் தந்திரம். மேலிருந்து ஒரு அங்குலம் விட்டு, சுற்றி வர அறுத்தால் மூடி தனியே வந்துவிடும். ஒரே உடம்பில் பிறந்ததால் மூடி இம்மி பிசகாமல் உட்காரும். இரண்டு பித்தளைக் கீல், ஒரு கொண்டி, உப்புத்தாள் தேய்ப்பு, அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். முடிஞ்சது! உள்ளே விரிக்க ஒரு பட்டுத் துண்டு போதும். பட்டு நெசவு தெரிந்த ஊராச்சே குன்றத்தூர்!

உள்ளே என்ன?

இந்த வட்டாரத்தில் வாழ்க்கை ஷிப்ட் கணக்கில் ஓடுகிறது. இன்று இருக்கும் கம்பெனி நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான பேரின் பிழைப்பு போனது. முதல் சம்பளச் சீட்டு, வேலை போன பிறகும் தூக்கிப்போட மனசு வராத அடையாள அட்டை, அம்மாவின் மூக்குத்தி... இதுக்கெல்லாம் பாங்கில் லாக்கர் எடுக்க முடியுமா? ஒரு சின்னப் பெட்டி போதும்!

நினைவைப் பத்திரப்படுத்துவது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. பெரியபுராணம் தந்த சேக்கிழார் பிறந்த மண் இது. சோழ நாட்டுத் திருநாகேஸ்வரத்தில் மனதைப் பறிகொடுத்த அவர், அதே பெயரில் சொந்த ஊரிலும் ஒரு கோயில் எழுப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் கல்லில் வைத்தார்.

நமக்கு மூணடி பேக்கிங் கட்டை போதாதா?