சமுத்திர அடியில் வைரஸ்

பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்க வருகிறவர்களிடம், காலை நனைத்துப் போகும் அலையில் ஒரு தேக்கரண்டி ஜலம் எடுத்தால் அதில் கோடிக்கணக்கான வைரஸ்கள் இருக்கும் என்று சொன்னால், கொரோனா காலத்தைக் கண்டு வந்த நம்மவர்கள் சுண்டல் பொட்டலத்தையும் மறந்து வீடு திரும்பிவிடக் கூடும். பயம் அநாவசியம், அவற்றுள் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தவிர வேறெதையும் தீண்டாதவை. கங்கை, யமுனை ஜலத்தில் காலராக் கிருமிகள் மடிவதை ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் 1896ல் எழுதியபோது, காரணம் இவ்வகை வைரஸாக இருக்கலாம் என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. கடலில் அவை இவ்வளவு ஏராளமாக உள்ளன என்பதே 1989ல் நார்வே விஞ்ஞானிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்த பிறகுதான் உலகுக்கு விளங்கிற்று.

சூரிய வெளிச்சம் எட்டாத ஆழத்திலோ அவற்றின் ஆதிக்கம் இன்னும் பெரிது. மேலே மடிந்த ஜீவராசிகளின் துணுக்குகள் சிறுகச் சிறுக இறங்கி அடியில் சேறாகப் படிவதே அங்கு பெரும்பாலான உயிர்களுக்கு ஆகாரம். அதை உண்டு பெருகும் பாக்டீரியாவுக்குள் வைரஸ் புகுந்து, அதன் உடலைக் கொண்டே தன் சந்ததியை உண்டாக்கி, முடிவில் அதைப் பிளந்துகொண்டு வெளியேற, சிதறிய கரிமமும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எஞ்சி நிற்கும் மற்ற பாக்டீரியாக்களுக்கே உணவாகின்றன. கொலையும் அன்னதானமும் ஒரே கையால் நடக்கின்றன! நஷ்டப்படுவது, பாக்டீரியாவை விழுங்கக் காத்திருக்கும் புழு முதலியவையே. இத்தாலிய விஞ்ஞானி ராபெர்த்தோ தனோவாரோவும் அவருடைய சகாக்களும் பல கடல்களின் அடிச்சேற்றைப் பரிசோதித்து, 1,000 மீட்டருக்குக் கீழே பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்கள் புதிதாக உண்டாக்கும் உடற்பொருளில் அநேகமாக முழுவதையும் வைரஸே அழிக்கிறது என்றும், இவ்விதமாக உலகெங்கும் ஆண்டுதோறும் 37 கோடி முதல் 63 கோடி டன் வரை கரிமம் விடுபடுகிறது என்றும் 2008ல் கணக்கிட்டார்கள்.

இது சென்னைக்குத் தூரத்து விஷயமன்று. அடையாற்றிலிருந்து வேளச்சேரி தாண்டினால் வரும் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ‘வராஹா’ என்ற ஊர்தியை 2021ல் மத்திய இந்து மகாசமுத்திரத்தில் 5,270 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிச் சோதித்தது. அங்கு 75,000 சதுர கிலோமீட்டர் பிரதேசத்தில் நிக்கல், கோபால்ட், தாமிரம், மாங்கனீசு அடங்கிய உலோக உருண்டைகளை ஆராயும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுருண்டைகள் கிடப்பதோ வைரஸ்கள் ஓயாது தொழில் செய்யும் அதே மேற்சேற்றின்மீது. அள்ளும்போது அதுவும் கலங்காமல் இராது. ஆகையால் மீனையும் நண்டையும் மட்டும் எண்ணி, சேற்றிலுள்ள வைரஸ்களையும் அவற்றின் வேலையையும் கணக்கில் சேர்க்காத சுற்றுச்சூழல் அறிக்கை எதுவானாலும், அது அரைகுறை அறிக்கையே.